வணிகவியல் மாணவர் நுண்கணிதத்தை எந்த வழியில் கற்பது? கடலூர், புதுச்சேரி மாணவர்களுக்கான ஓர் ஒப்பீடு

கடலூரிலும் புதுச்சேரியிலும் பி.காம்., பி.பி.ஏ. படிப்புகளில் சேரும் மாணவர்களில் பலர், வணிகக் கணிதத் தாளில் நுண்கணிதம் வரும் அலகைச் சாய்ஸில் விட்டுவிடலாம் என்று பருவத்தின் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். வட்டிக் கணக்கையும் அணிகளையும் மட்டும் வைத்துத் தேறிவிடலாம் என்பது அவர்கள் எண்ணம். தேர்ச்சி ஒன்றே நோக்கமென்றால் அது சில வேளைகளில் பலிக்கவும் செய்யும். ஆனால் இறுதிநிலைச் செலவு (இன்னும் ஒரு பொருளைக் கூடுதலாக உற்பத்தி செய்ய ஆகும் செலவு), தேவை நெகிழ்ச்சி (விலை மாறும்போது தேவை எவ்வளவு மாறுகிறது என்ற அளவு), இலாபப் பெருமம் போன்ற கருத்துகள் பொருளியல் தாளிலும் மேலாண்மைக் கணக்கியலிலும் மறுபடி வருகின்றன, எம்.காம்., எம்.பி.ஏ., சி.ஏ. என்று எந்தப் பக்கம் போனாலும் அவற்றைத் தவிர்க்க முடிவதில்லை. ஆகவே படிக்க வேண்டுமா என்ற கேள்வியை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. படிப்பது என்று தீர்மானித்த மாணவருக்கு இன்று கைக்கெட்டும் தூரத்தில் உள்ள வழிகள் எவை, அவற்றில் எது யாருக்குப் பொருந்தும் என்பதைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

மாணவர் முன் உள்ளவை ஐந்து வழிகள்: மேனிலைப் பள்ளியின் வணிகக் கணிதப் பாடநூலை வைத்துத் தாமே படிப்பது, கல்லூரிக் குறிப்பையும் கடைகளில் கிடைக்கும் கைடையும் நம்புவது, ட்யூஷன் போவது, இணையவழிப் பாடங்களைப் பின்பற்றுவது, சி.ஏ. அடிப்படைத் தேர்வுக்கான பாடப்பொருளைப் பயன்படுத்துவது. இவற்றை ஒன்றோடொன்று நிறுத்திப் பார்க்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. தம் கல்லூரியின் பாடத்திட்டத்தை முழுமையாகக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளுக்கு ஒரு பாடத்திட்டம். கடலூர்க் கல்லூரிகளுக்கு வேறொன்று. தன்னாட்சிக் கல்லூரிகள் தாமே வகுத்துக்கொள்வது இன்னொன்று. சிலவற்றில் வகையிடலோடு, அதாவது ஓர் அளவு மாறும்போது இன்னொன்று எந்த வீதத்தில் மாறுகிறது என்று காண்பதோடு, நுண்கணிதம் முடிந்துவிடும். சிலவற்றில் அதன் மறுதலையான தொகையிடலும், வாங்குபவர் கொடுக்கத் தயாராக இருந்த விலைக்கும் உண்மையில் கொடுத்த விலைக்கும் உள்ள வேறுபாடான நுகர்வோர் உபரியும் சேர்ந்திருக்கும். பக்கத்து ஊர்க் கல்லூரியில் படிக்கும் நண்பரின் குறிப்பேட்டை நகலெடுத்து வைத்துக்கொண்டு, தமக்குத் தேவையில்லாத பகுதியில் வாரக்கணக்கில் உழைத்துவிட்டு, தேவையான பகுதியைத் தொடாமலே தேர்வுக்குப் போன மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பாடத்திட்டம் எதுவானாலும், வணிகவியல் மாணவருக்குத் தேவையான நுண்கணிதத்தின் பரப்பு உண்மையில் சிறியது. சார்பு என்றால் என்ன, எல்லை என்றால் என்ன, அடுக்குச் சார்பை எப்படி வகையிடுவது, பெருக்கல் விதி, வகுத்தல் விதி, சங்கிலி விதி, பெருமமும் சிறுமமும், அவற்றைச் செலவு, வருவாய், இலாபம், நெகிழ்ச்சி ஆகியவற்றில் பயன்படுத்தும் முறை, கொஞ்சம் பகுதி வகையிடல், எளிய தொகையிடல் ஆகியவற்றோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. முக்கோணவியல் சார்புகளின் வகையிடல் பொறியியல் மாணவருக்கு உயிர். செலவுச் சார்பிலோ தேவைச் சார்பிலோ அதற்கு வேலையே இல்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் ஒப்பீடு பெருமளவு தானாகவே விளங்கிவிடும்.

முதலில் பள்ளிப் பாடநூல். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தின் பதினோராம் வகுப்பு வணிகக் கணிதமும் புள்ளியியலும் என்ற நூலில் வகை நுண்கணிதம் ஓர் இயலாகவும், வகையீட்டின் பயன்பாடுகள் அடுத்த இயலாகவும் உள்ளன. பன்னிரண்டாம் வகுப்பு நூலில் தொகை நுண்கணிதம் இரண்டு இயல்களாக வருகிறது. நுகர்வோர் உபரியும் உற்பத்தியாளர் உபரியும் அவற்றில் இரண்டாவதில் இடம்பெறுகின்றன. கல்லூரி முதலாண்டு நுண்கணிதத்தின் பெரும்பகுதி இந்த இயல்களுக்குள் அடங்கிவிடுகிறது என்பதைப் பல மாணவர்கள் கவனிப்பதில்லை. பள்ளியில் படித்ததுதானே என்று அதை ஒதுக்கிவிட்டுப் புதிய நூலைத் தேடுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணையே குறியாகக் கொண்டு பதினோராம் வகுப்பைப் புரட்டிமட்டும் பார்த்தவர்களுக்கு வகையிடல் அடித்தளமே இல்லாமல் போயிருக்கும். ஏனெனில் வகையிடல் முழுவதும் பதினோராம் வகுப்பு நூலில்தான் இருக்கிறது.

இந்த நூலுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. தமிழ்வழிப் பதிப்பும் ஆங்கிலவழிப் பதிப்பும் ஒரே இயல் வரிசையில், ஒரே எடுத்துக்காட்டுகளோடு, ஒரே பயிற்சிக் கணக்குகளோடு அமைந்தவை. இரண்டையும் கட்டணமின்றித் தரவிறக்கிக்கொள்ளலாம். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கிலத்தில் கேள்வித்தாளைச் சந்திக்கும் மாணவர், இரண்டு பதிப்புகளையும் அருகருகே திறந்து வைத்துக்கொண்டு, தமிழில் பொருளைப் புரிந்துகொண்டு அதே கணக்கை ஆங்கிலத்தில் எழுதிப் பழகலாம். வேறெந்த வழியும் இந்த வசதியை இவ்வளவு எளிதாகத் தருவதில்லை. இணையத்தில் எவ்வளவு சிறந்த பாடம் இருந்தாலும், அதன் கலைச்சொல்லும் நம் மாணவர் பள்ளியில் கேட்ட கலைச்சொல்லும் ஒன்றோடொன்று இணையாதபோது பாதி உழைப்பு அந்த இணைப்பைத் தேடுவதிலேயே போய்விடுகிறது.

பாடநூலின் இரண்டாவது பலம், அதன் கணக்குகள் வணிகத்திலிருந்தே எழுவது. இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. பண்ருட்டியில் முந்திரிப் பருப்பு உடைத்து விற்கும் ஒரு சிறு தொழிற்கூடத்துக்கு வாடகை, கூலி என்று மாறாத செலவு ரூ.5,000. ஒவ்வொரு கிலோவுக்கும் மூலப்பொருள் செலவு ரூ.300. அளவு கூடக் கூடக் கூடுதல் நேரக் கூலியும் சேதாரமும் ஏறுவதால், அளவின் வர்க்கத்தில் பாதி என்ற இன்னொரு தொகையும் சேர்கிறது. அப்படியானால் 100 கிலோவுக்கு மொத்தச் செலவு 5,000 + 30,000 + 5,000, அதாவது ரூ.40,000. 101 கிலோவுக்குக் கணக்கிட்டால் ரூ.40,400.50. ஆகவே நூற்றியொன்றாவது கிலோவின் செலவு ரூ.400.50. இதே செலவுச் சார்பை வகையிட்டால் கிடைக்கும் இறுதிநிலைச் செலவு 300 + அளவு. 100 கிலோவில் அது ரூ.400. இரண்டு விடைகளுக்கும் இடையே உள்ள அந்த ஐம்பது காசில்தான் எல்லை என்ற கருத்து முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரு கிலோவுக்குப் பதிலாக நூறு கிராம் கூட்டிப் பார்த்தால் கிலோ வீதச் செலவு ரூ.400.05, பத்து கிராம் கூட்டினால் ரூ.400.005. கூட்டும் அளவு சுருங்கச் சுருங்க விடை 400ஐ நெருங்குகிறது. இதைத் தம் கையால் கால்குலேட்டரில் ஒரு முறை போட்டுப் பார்த்த மாணவருக்கு, வகையிட்டுக் கிடைக்கும் விடையான வகைக்கெழு என்பது வெறும் சூத்திரமாக இராது.

இதே கணக்கை இன்னும் ஓர் அடி கொண்டுசெல்லலாம். மொத்தச் செலவை அளவால் வகுத்தால் சராசரிச் செலவு. அது எந்த அளவில் மிகக் குறைவு என்று பார்த்தால் 100 கிலோ என்று வரும். அங்கே சராசரிச் செலவும் ரூ.400, இறுதிநிலைச் செலவும் ரூ.400. சராசரிச் செலவு சிறுமமாகும் இடத்தில் இறுதிநிலைச் செலவு அதற்குச் சமமாக இருக்கும் என்று பொருளியல் வகுப்பில் வரைபடமாகக் காட்டப்படும் செய்தி இங்கே எண்ணாகவே வந்துவிடுகிறது. இப்போது விலை 750 கழித்தல் அளவு என்று வைத்துக்கொள்வோம். வருவாயை (விலை பெருக்கல் அளவு) வகையிட்டால் கிடைக்கும் இறுதிநிலை வருவாய், அதாவது இன்னொரு கிலோ விற்றால் கூடும் வருவாய், 750 கழித்தல் அளவின் இரு மடங்கு. அதை இறுதிநிலைச் செலவுக்குச் சமன்படுத்தினால் அளவு 150 கிலோ, விலை ரூ.600, இலாபம் ரூ.28,750. சராசரிச் செலவு மிகக் குறைவாக இருக்கும் 100 கிலோவில் விலை ரூ.650 ஆனாலும் இலாபம் ரூ.25,000தான். செலவு குறைவாக இருக்கும் இடமும் இலாபம் அதிகமாக இருக்கும் இடமும் ஒன்றல்ல என்பதை வணிகம் படிப்பவர் இவ்வளவு தெளிவாக வேறெங்கும் காண முடியாது. தேர்வுகளில் மாணவர்கள் அதிகம் தடுமாறுவதும் இங்கேதான்: இலாபத்தைக் கேட்டால் சராசரிச் செலவை வகையிட்டு வைப்பார்கள்.

150 கிலோவில் தேவை நெகிழ்ச்சியைக் கண்டால் 4 வரும். விலையை, ஒன்று கழித்தல் நெகிழ்ச்சியின் தலைகீழ் என்ற காரணியால் பெருக்கினால் இறுதிநிலை வருவாய் கிடைக்கும் என்ற தொடர்பைப் பாடநூல் தருகிறது. 600ஐ முக்காலால் பெருக்கினால் 450. 150 கிலோவில் இறுதிநிலைச் செலவும் 450. ஒரே கணக்கில் மூன்று கருத்துகள் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்கின்றன. இப்படிச் சரிபார்க்கும் பழக்கம் வந்துவிட்ட மாணவர் விடைத்தாளைக் கொடுக்கும் முன்பே தம் விடை சரியா தவறா என்பதை அறிந்துகொள்வார்.

குறைகளும் உண்டு. பாடநூல் எல்லையையும் தொடர்ச்சியையும் முதலில் வைத்து, விதிகளை அடுத்து வைத்து, பயன்பாடுகளைக் கடைசியில் வைக்கிறது. கணித ஒழுங்குக்கு அது சரி. ஆனால் தனியாகப் படிக்கும் வணிகவியல் மாணவர் எல்லைக் கணக்குகளிலேயே சோர்ந்து, தமக்கு உண்மையில் தேவையான இயலை எட்டாமலே நின்றுவிடுகிறார். முக்கோணவியல் சார்புகளும் இடையிடையே வந்து அவரை மிரட்டுகின்றன. பயிற்சிகளுக்கு விடை மட்டும் இருக்கும், வழிமுறை இராது. எங்கே தவறினோம் என்று காட்ட ஆள் தேவைப்படும். ஆகவே நூலின் வரிசையை அப்படியே பின்பற்ற வேண்டாம் என்பது என் கருத்து. மேலே காட்டியதுபோல் ஒரு செலவு அட்டவணையை முதலில் போட்டுப் பார்த்து, பிறகு அடுக்கு விதியை மட்டும் கற்று, உடனே பயன்பாட்டு இயலின் எளிய கணக்குகளுக்குப் போக வேண்டும். பெருக்கல், வகுத்தல், சங்கிலி விதிகளை அந்தக் கணக்குகள் கேட்கும்போது கற்றுக்கொள்ளலாம். எல்லை என்ற பகுதிக்கு அதன்பின் திரும்பினால் அது எதற்காக இருக்கிறது என்பது தெரிந்திருக்கும். அதனால் அயர்வும் இராது. கணித ஆசிரியர்களில் சிலர் இந்த வரிசையை ஏற்கமாட்டார்கள். கணிதம் முதன்மைப் பாடமாக உள்ள மாணவருக்கு அவர்கள் சொல்வது சரிதான். ஒரே ஒரு பருவத்தில் ஒரே ஓர் அலகாக நுண்கணிதத்தைச் சந்திக்கும் மாணவருக்கு நான் இதையே சொல்வேன்.

கைடுகளைப் பற்றி நீண்டு எழுதத் தேவையில்லை. முந்தைய ஆண்டு வினாக்களும் அவற்றின் விடைகளும் ஒரே இடத்தில் கிடைப்பதுதான் அவற்றின் பயன். அதைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது, ஏனெனில் வினா கேட்கப்படும் விதம் தெரியாமல் தேர்வுக்குப் போவதும் தவறு. ஆனால் படிப்பைக் கைடிலிருந்து தொடங்கினால், எண் மாறியவுடன் கை நின்றுவிடும். தேர்வுக்கு முந்தைய வாரங்களில், பாடத்தை ஏற்கெனவே புரிந்துகொண்டவர் வேகத்துக்காகப் பயன்படுத்த வேண்டிய பொருள் அது. கல்லூரி ஆசிரியர் தரும் குறிப்பு இதைவிட மேலானது. வினாத்தாள் எந்தக் குறியீட்டை, எந்தப் படிநிலைகளை எதிர்பார்க்கிறது என்பது அந்தக் குறிப்பில் இருக்கும். எந்த வழியைத் தேர்ந்தாலும் வகுப்புக் குறிப்பை விடக்கூடாது.

அடுத்தது ட்யூஷன். திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம் பகுதிகளிலும், புதுச்சேரியில் லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டை போன்ற இடங்களிலும் மாலை நேரத்தில் கணிதம் சொல்லித்தரும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் பள்ளி மாணவர்களுக்கோ, பொறியியல் மாணவர்களுக்கோ சொல்லித் தருபவர்கள். வகையிடலை அவர்கள் அருமையாகச் சொல்லித் தருவார்கள். இறுதிநிலை வருவாய் ஏன் விலையைவிட வேகமாகக் குறைகிறது என்று கேட்டால், அது வணிகவியல் ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வி என்று விட்டுவிடுவார்கள். மறுபக்கம், வணிகவியல் ஆசிரியர்களிடம் ட்யூஷன் போனால் பொருள் விளங்கும். இயற்கணிதப் படிகளில் போதிய பயிற்சி கிடைக்காது. ட்யூஷனில் சேரும் முன், அந்த ஆசிரியர் பி.காம். தாளுக்குப் பாடம் எடுத்திருக்கிறாரா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். முடிந்தால் ஒரு கேள்வித்தாளைக் கொண்டுபோய்க் காட்டி, பயன்பாட்டுக் கணக்கு ஒன்றை விளக்கச் சொல்லிக் கேட்கலாம்.

ட்யூஷனால் மட்டுமே தீரும் குறை ஒன்று இருக்கிறது. நுண்கணிதத்தில் தோற்கும் மாணவர்களில் மிகப் பலர் நுண்கணிதத்தில் தோற்பதில்லை, இயற்கணிதத்தில்தான் தோற்கிறார்கள். மேலே கண்ட முந்திரிக் கணக்கில் சராசரிச் செலவின் முதல் உறுப்பு, 5,000 வகுத்தல் அளவு. இதை வகையிடச் சொன்னால், மாறிலியின் வகைக்கெழு பூச்சியம் என்ற விதியை நினைவில் கொண்டு, 5,000 என்பதைப் பார்த்ததும் பூச்சியம் என்று எழுதிவிடும் மாணவர்கள் ஏராளம். கீழே அளவு நிற்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை. அதை அளவின் கழித்தல் ஒன்றாம் அடுக்காக மாற்றி எழுத வேண்டும், அப்போது வகைக்கெழு கழித்தல் 5,000 வகுத்தல் அளவின் வர்க்கம் என்று வரும் என்பது ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் படித்த அடுக்குக்குறி விதியோடு முடிந்துவிடும் செய்தி. இந்த இடத்தில் தவறியவர் அதற்கு மேல் எத்தனை விதிகளை மனப்பாடம் செய்தாலும் விடை வராது. பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எழுதும் ஒவ்வொரு வரியையும் பார்த்து, இந்த வரியில்தான் தவறு என்று சொல்லும் ஆசிரியரின் கண்ணுக்கு ஈடாக எந்தக் காணொளியும் இல்லை.

அதனால் ட்யூஷனுக்குப் போக வேண்டியவர் யார் என்பதை எளிதில் சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு பின்னத்தை எதிர்ம அடுக்காக மாற்றி எழுதுவது, ஓர் இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்துவது, இரண்டு நேரியல் சமன்பாடுகளைத் தீர்ப்பது ஆகிய மூன்றையும் புத்தகத்தைப் பார்க்காமல் செய்ய முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடிந்தால் ட்யூஷன் தேவையில்லை. அந்தப் பணத்தையும் மாலை நேரத்தையும் மிச்சம் பிடிக்கலாம். முடியாவிட்டால், நுண்கணிதத்துக்கு அல்லாமல் இயற்கணிதத்துக்காகவே சில வாரங்கள் ஓர் ஆசிரியரிடம் போவது நல்லது. ஆண்டு முழுவதும் போக வேண்டிய தேவை பெரும்பாலும் இராது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் பேருந்தில் போய்ப் படிக்கும் மாணவருக்குத் திரும்பும்போதே இருட்டிவிடும். அதற்குமேல் ட்யூஷன் என்றால் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட நேரமே கிடைக்காது. போட்டுப் பழகாத கணக்கு யார் சொல்லித் தந்தாலும் தங்காது என்பதால், அவர் விடுமுறை நாட்களில் மட்டும் போகும் ஏற்பாட்டைக் கேட்டுப் பெறுவது நல்லது.

இணையவழிப் பாடங்களுக்கு வருவோம். ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல்., 2017இல் மத்திய அரசு தொடங்கிய ஸ்வயம் தளம் ஆகியவற்றில் நுண்கணிதப் பாடங்கள் உள்ளன. பாடத்தைக் கேட்பதற்குக் கட்டணம் இல்லை. சான்றிதழுக்குத் தேர்வு எழுத விரும்பினால் மட்டும் கட்டணம் செலுத்த வேண்டும். தரத்தில் குறை சொல்ல முடியாதவை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அறிவியல், பொறியியல் மாணவர்களை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டவை. மெய்யெண்களின் பண்புகள், தேற்றங்களின் நிறுவல்கள் என்று தொடங்கும் பாடத்தில் சேர்ந்த பி.காம். மாணவர் இரண்டாம் வாரமே விலகிவிடுவார். விலகியதோடு தமக்குக் கணிதமே வராது என்றும் முடிவு கட்டிவிடுவார். அந்த முடிவுதான் என்னை மிகவும் வருத்துகிறது. குறை அவரிடம் இல்லை. அவருக்காக அமைக்கப்படாத பாடத்தில் போய்ச் சேர்ந்ததுதான் குறை. சேருமுன் பாடத்தின் வார அட்டவணையைப் படித்து, தம் பாடத்திட்டத்தோடு பொருத்திப் பார்ப்பது கட்டாயம்.

கான் அகாடமி என்ற இணையதளத்தின் நுண்கணிதப் பகுதி வேறு வகை. சிறு சிறு காணொளி, உடனே பயிற்சி, தவறினால் படிப்படியான குறிப்பு என்று அமைந்தது. பாடநூலில் இல்லாத ஒன்று, அதாவது எங்கே தவறினோம் என்பதை உடனே காட்டும் வசதி, இங்கே கட்டணமின்றிக் கிடைக்கிறது. இயற்கணிதப் பகுதியும் அதே தளத்தில் இருப்பதால் பின்னால் போய்ப் பழுது பார்த்துக்கொண்டு வரலாம். விளக்கம் ஆங்கிலத்தில் என்பதும், வணிகப் பயன்பாடு குறைவு என்பதும் அதன் எல்லைகள். தமிழில் கேட்க விரும்புவோருக்கு, 2019இல் தமிழக அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி மேனிலை வகுப்புப் பாடங்களை யூடியூபிலும் வைத்திருக்கிறது. பாடநூலின் இயல் வரிசையிலேயே செல்வதால் நூலோடு சேர்த்துப் பார்க்க ஏற்றது. தனியார் யூடியூப் ஓடைகள் பலவும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நிற்பது நல்லது. ஒவ்வொரு தலைப்புக்கும் ஒவ்வொருவரைத் தேடி ஓடினால் குறியீடுகள் மாறி மாறிக் குழப்பமே மிஞ்சும்.

காணொளியில் ஓர் ஆபத்து இருக்கிறது. பார்க்கும்போது எல்லாம் புரிந்தது போலவே இருக்கும். ஆசிரியர் போடும் ஒவ்வொரு படியும் அடுத்த படியை இயல்பாகவே கொண்டுவருவதால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தாமே முடிவெடுக்க வேண்டிய நிலை பார்ப்பவருக்கு வருவதில்லை. தேர்வு கேட்பது அந்த முடிவைத்தான். ஆகவே கணக்கு திரையில் வந்தவுடன் காணொளியை நிறுத்திவிட்டு, நோட்டில் தாமாகப் போட்டுப் பார்த்து, பிறகு தொடர வேண்டும். இதற்குப் பொறுமை இல்லாதவருக்கு இணையவழி பொருந்தாது, நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்.

இணையத்தில் வணிகவியல் மாணவருக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது ஜியோஜீப்ரா போன்ற இலவச வரைபடச் செயலியை. செல்பேசியிலேயே இயங்கும். முந்திரிக் கணக்கின் சராசரிச் செலவையும் இறுதிநிலைச் செலவையும் அதில் வரைந்தால், இறுதிநிலைக் கோடு சராசரி வளைவின் அடிப்பகுதியில் சரியாக அதை வெட்டிக்கொண்டு மேலே போவது கண்ணுக்குத் தெரியும். மாறாத செலவை 5,000இலிருந்து 8,000 ஆக்கிப் பார்த்தால் சராசரி வளைவு மேலே நகரும், அதன் அடிப்பகுதி வலப்பக்கம் போகும், இறுதிநிலைக் கோடு மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கும். வாடகை உயர்ந்தால் அடுத்த கிலோவின் செலவு மாறுவதில்லை என்ற உண்மையை ஒரு பக்க விளக்கத்தைவிட அந்தப் படம் நன்றாகச் சொல்லும்.

சி.ஏ. அடிப்படைத் தேர்வுக்கான பாடப்பொருள் பலர் அறியாத நல்ல வழி. இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் தன் இணையதளத்தில் அதைக் கட்டணமின்றித் தருகிறது. அளவுசார் திறன் தாளில் வகையிடலும் தொகையிடலும் அடிப்படை அளவில் வருகின்றன. முக்கோணவியல் சார்புகள் வெளிப்படையாகவே நீக்கப்பட்டுள்ளன. சுருக்கமான விளக்கமும் வணிகம் சார்ந்த எடுத்துக்காட்டும் உண்டு. ஆனால் தேர்வு கொள்குறி வகை என்பதால், பொருத்தமான விடையை விரைவாகக் கண்டுபிடிக்கும் திறனையே அது வளர்க்கிறது. கல்லூரித் தேர்வில் பத்து மதிப்பெண் வினாவுக்குப் படிப்படியாக எழுத வேண்டும். சி.ஏ. எழுதும் எண்ணம் உள்ளவர் இதையே முதன்மையாகக் கொண்டு, எழுத்துப் பயிற்சிக்குப் பாடநூலைச் சேர்த்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு இது கூடுதல் பயிற்சிக் களஞ்சியம் மட்டுமே.

புதுச்சேரி மாணவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்குள்ள அரசுப் பள்ளிகள் மாநிலப் பாடத்திட்டத்திலிருந்து மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறியிருப்பதால், இனிக் கல்லூரிக்கு வருபவர்களில் பலர் மேலே சொன்ன வணிகக் கணித நூலைப் பார்த்தே இருக்கமாட்டார்கள். மத்தியப் பாடத்திட்டத்தில் பயன்பாட்டுக் கணிதம் என்ற விருப்பப்பாடத்தை எடுத்தவர்களுக்கு இறுதிநிலைச் செலவும் நுகர்வோர் உபரியும் அறிமுகமாகியிருக்கும். அவர்கள் கல்லூரிக் குறிப்போடு பயிற்சி செய்தாலே போதும். கணிதமே எடுக்காமல் வணிகவியல் பிரிவில் வந்தவர்களுக்கு, அவர்கள் எந்தப் பாடத்திட்டத்தில் படித்திருந்தாலும், பதினோராம் வகுப்பு மாநில நூலின் தமிழ்ப் பதிப்பையே தொடக்கமாகப் பரிந்துரைக்கிறேன். வீட்டில் படிக்க இடமில்லாதவர்களுக்கு 1827இல் தொடங்கப்பட்ட ரொமெய்ன் ரோலண்ட் நூலகம் புதுச்சேரியிலும், மாவட்ட மைய நூலகம் கடலூரிலும் இருக்கின்றன. கணக்குப் போட அமைதியான மேசை கிடைப்பது சிறிய உதவியல்ல.

என் தெரிவைக் கேட்டால், முதுகெலும்பாகப் பாடநூல். பழுது பார்க்கத் தேவைப்பட்டால் மட்டும் குறுகிய கால ட்யூஷன். கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள வரைபடச் செயலி. கடைசி வாரங்களில் பழைய வினாத்தாள்கள். தமிழ்வழியில் படித்து வந்தவருக்கு இதில் எனக்கு ஐயமே இல்லை. ஆங்கிலவழியில் படித்து, இயற்கணிதம் உறுதியாக உள்ள மாணவருக்கு மட்டும் பாடநூலின் இடத்தில் கான் அகாடமியையும் சி.ஏ. பாடப்பொருளையும் வைக்கலாம், அவர் வேகமாக முடித்துவிடுவார். ட்யூஷனையே முதுகெலும்பாகக் கொள்ளும் ஏற்பாட்டை, கையிலிருக்கும் பணத்தைப் பொறுத்தல்லாமல், மேலே சொன்ன இயற்கணிதச் சோதனையில் கிடைக்கும் விடையைப் பொறுத்தே முடிவு செய்ய வேண்டும்.

பிளஸ் டூவில் வணிகக் கணிதத்துக்குப் பதிலாகக் கணினிப் பயன்பாடுகள் எடுத்துவிட்டு, தேர்வுக்கு ஒரு மாதமே இருக்கும் நிலையில் இதைப் படிக்கும் மாணவரும் இருப்பார். அவர் முதல் வாரத்தில் நுண்கணிதத்தைத் தொடவே வேண்டாம். அடுக்குக்குறி விதிகளையும் காரணிப்படுத்தலையும் நாள்தோறும் போட்டுப் பழகட்டும். இரண்டாம் வாரத்தில் அடுக்கு விதியும், செலவு, வருவாய், இலாபம் ஆகியவற்றின் எளிய கணக்குகளும். மூன்றாம் வாரத்தில் வகுத்தல் விதியும் நெகிழ்ச்சியும், இரண்டாம் வகைக்கெழுவைக் கொண்டு பெருமம் சிறுமம் சோதிப்பதும். கடைசி வாரத்தில் தம் கல்லூரியின் பழைய வினாத்தாள்கள், நேரம் வைத்து. பாடத்திட்டத்தில் தொகையிடல் இருந்தால், இறுதிநிலைச் செலவிலிருந்து மொத்தச் செலவுக்குத் திரும்பிப் போகும் கணக்கை மட்டும் மூன்றாம் வாரத்தின் முடிவில் சேர்த்துக்கொள்ளலாம்; அப்போது மாறாத செலவான அந்த 5,000ஐத் தொகையிடல் மாறிலியாகக் கூட்ட மறந்துவிடக் கூடாது.